மேடைக்கு எதிர்ப்புறம்

நம் இசைமேடைகளின் சரித்திரத்தில் காமிரா ஒரே திசையில்தான் பார்த்திருக்கிறது. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் காவிரியில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது கொடுமுடி. அங்கே 1908ல் பிறந்து, ரயிலில் பாடிக் காசு சேர்த்த சிறுமி நாடக மேடையேறிக் கே. பி. சுந்தராம்பாள் ஆனார். 1933 டிசம்பரில் எஸ். ஜி. கிட்டப்பா இறந்ததும், இருபத்தைந்து வயதில் வெள்ளைச் சேலைக்கு மாறினார். அந்தச் சேலையும் நெற்றித் திருநீறும் நம் எல்லோருக்கும் பரிச்சயமான பிம்பம். எதிரே, ஆண்களிலிருந்து பிரித்து உட்கார்த்தப்பட்டு, விடியும்வரை அவர் பாட்டைக் கேட்ட பெண்களின் முகம் நமக்குத் தெரியாது.

காரணம் தொழில்நுட்பம் என்று சொல்லிவிடலாம். அன்றைய ஃபிலிமுக்குப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் போதாது. ஆனால் வெளிச்சம் வந்த பிறகும் திசை மாறவில்லை. ரசிகனுக்கு மன்றம், கொடி, கட்அவுட் எல்லாம் வந்தன. ரசிகைக்குக் கிடைத்தது ‘தாய்க்குலம்’ என்ற மொத்தப் பெயர்.

மேற்கில் காமிரா திரும்பியது. 1965 ஆகஸ்ட் 15ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடியபோது கூடிய சுமார் 55,000 பேரில், அலறி அழுத பெண்களையே அது தேடிப் பிடித்தது. ஆனால் அவர்கள் அனுபவத்துக்கு அங்கே இட்ட பெயர் மேனியா. அதாவது ஒரு மனக்கோளாறு. முகம் பதிவாயிற்று, ரசனை பதிவாகவில்லை.

இன்று பல்லடம், காங்கயம் பக்கத்து ஊர்களில் வள்ளி கும்மி அரங்கேற்றங்கள் நடக்கின்றன. ஆண்களே ஆடிவந்த இக்கலையைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் என்று பத்திரப்பனுக்கு 2024ல் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது. கும்மியில் கேட்பவளும் ஆடுபவளும் ஒருத்தியே. ஆசிரியர் பாட்டுக்குக் காலால் பதில் சொல்கிறாள். இதைப் படம்பிடிக்க ட்ரோன் வருகிறது. ஒரே நிறச் சேலைகள் வட்டமாகச் சுழல்கின்றன. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவளும் கைமடிக்குப் போகிறவளும் அதில் இருக்கக்கூடும். மேலிருந்து பார்த்தால் உச்சந்தலைகள்தான். ‘சமூகம்’ என்ற சொல்லுக்கு நம்மிடையே சாதி என்ற பொருளும் உண்டு. வட்டத்துக்குள் யார் வரலாம், வெளியே நிற்பவள் யார் என்பதையும் அந்த உயரம் மறைத்துவிடுகிறது.

தாய்க்குலம், மேனியா, வட்டம்: மூன்றுமே திரளைக் காட்டித் தனி ஒருத்தியை அழிப்பவை. ஆட்டம் முடிந்து, வியர்வையைத் துடைத்தபடி, பாட்டின் ஓரடியை இன்னும் முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறவளை, அவள் சம்மதத்தோடு, கண்மட்டத்தில் நின்று எடுத்த ஒரு படம் போதும். சுந்தராம்பாளின் எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு நாம் செய்யத் தவறியது அதுதான்.