தேங்காய்த்திட்டும் சங்கராபரணிக் கழிமுகமும்: குடும்ப உலாவிடங்களின் வரலாறு

தேங்காய்த்திட்டு, புதுச்சேரி நகரின் தென் விளிம்பில், அரியாங்குப்பம் ஆறு கடலோடு சேரும் இடத்தை ஒட்டி அமைந்த ஊர். நீர் சூழ்ந்த மேட்டு நிலத்தைத் திட்டு என்பது கடலோர வழக்கு. முன்னால் தேங்காய் என்று சேர்த்துவிட்டதால் ஊரின் பெயரே அதன் மண்ணையும் மரத்தையும் சொல்லிவிடுகிறது. இன்று அதன் ஒரு பக்கம் மீன்பிடித் துறைமுகம், இன்னொரு பக்கம் உப்பங்கழியும் அலையாத்திக் காடும். இந்த ஊரை நடுவில் வைத்துப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால், பிள்ளைகளோடு புதுச்சேரிக்கு வருகிறவர்கள் தேடிப் போகும் இடங்களில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கிவிடும். அரிக்கமேடு, சுண்ணாம்பாறு படகு குழாம், வீராம்பட்டினம், தாவரவியல் பூங்கா, கடற்கரைச் சாலை, ஊசுட்டேரி எல்லாமே அதில் வரும்.

இவற்றில் பல, வேடிக்கை பார்ப்பதற்காக உண்டானவை அல்ல. கப்பல் சேரும் துறை, மணி செய்த பட்டறை, செடி வளர்த்த சோதனைத் தோட்டம், வலை உலர்த்திய மணல் என்று ஒவ்வொன்றும் முதலில் உழைப்பிடமாக இருந்தது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போகும் வழக்கம் பிறகு வந்தது.

ஆறு

சங்கராபரணிக்குச் செஞ்சியாறு, வராக நதி என்றும் பெயருண்டு. விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி, மேல்மலையனூர்ப் பக்கத்துக் குன்றுகளில் தொடங்கி, வீடூர் அணையைக் கடந்து, வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் புதுச்சேரியைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. புதுச்சேரிப் பகுதிக்குள் அதன் ஓட்டம் சுமார் 34 கிலோமீட்டர். கடலை நெருங்கும்போது அது இரண்டாகப் பிரிகிறது. வடகிளையான அரியாங்குப்பம் ஆறு தேங்காய்த்திட்டுக்கும் வீராம்பட்டினத்துக்கும் இடையே கடல் சேர்கிறது. தென்கிளையான சுண்ணாம்பாறு, சின்ன வீராம்பட்டினத்துக்குத் தெற்கே மணல்திட்டுகளுக்கு நடுவே போய்ச் சேர்கிறது. ஆண்டில் பல மாதங்கள் இந்த இரண்டு கிளைகளிலும் மேலிருந்து வரும் நீர் மிகக் குறைவு. அப்போதெல்லாம் ஆற்றுக்கு உயிர் கொடுப்பது கடலின் ஏற்றமும் வற்றமும்தான். படகுச் சவாரியும் அலையாத்தி மரங்களும் மீன்குஞ்சுகளும் நம்பியிருப்பது அந்த உப்புநீரைத்தான்.

ஆற்றுத் திருவிழா

இந்த ஆற்றங்கரையில் குடும்பமாக வெளியே போவதன் மிகப் பழைய வடிவம் ஆற்றுத் திருவிழா. தை 5ஆம் நாள் சுற்றுப்புற ஊர்களின் சாமிகள் ஆற்றுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கின்றன. பொங்கலுக்கு வந்த மகளும் மருமகனும் ஊர் திரும்புவதற்கு முன் எல்லோருமாக ஆற்றுமணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு உண்பார்கள். கரும்பும் சுருளிக்கிழங்கும் விளையாட்டுச் சாமான்களும் விற்கும். தென்பெண்ணைக் கரையிலும் சங்கராபரணிக் கரையிலும் நடக்கும் இந்த விழாவுக்கு நுழைவுச்சீட்டும் கிடையாது, வேலியும் கிடையாது. இப்பகுதியின் உலாவிடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதை விட்டுவிடுவது பெரிய குறை. ஆற்றோரத்துப் பிள்ளைகள் ஆற்றை முதன்முதலில் அறிமுகம் செய்துகொண்டது இங்கேதான்.

மாசி மகத்துக்குக் கூட்டம் கடலுக்கு நகரும். வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் வருகிறார்கள். சங்கராபரணிக் கரையில் திருக்காஞ்சி கங்கைவராக நதீஸ்வரர் கோயிலில் அன்று நீராடக் கூட்டம் சேரும். 2023இல் சங்கராபரணிக்குப் புஷ்கரம் என்ற ஆற்று விழா எடுத்ததும் இத்தலத்தில்தான். ஆடி மாத ஐந்தாம் வெள்ளியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடுகிறது. பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர், முதலமைச்சர் கைகளில் தொடர்கிறது. மீனவர் ஒருவர் வலையில் மரக்கட்டை சிக்கி, அதைப் பிளக்கப் போனபோது இரத்தம் வந்ததாகவும், அந்தக் கட்டையே அம்மனாயிற்று என்றும் ஊர் வழக்கு. தேர் கடற்கரை மணலருகே வரும்போது தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்துக் காட்டும் தகப்பன்மாரை அங்கே எந்த ஆண்டும் காணலாம்.

அரிக்கமேடு

அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், காக்காயன்தோப்பை அடுத்து, தென்னையும் மாவும் நிற்கும் ஒரு மேடு. ஆறு கரையை அரிப்பதால் அரிக்கமேடு என்பர் சிலர். அருகன் மேடு என்பதன் திரிபு என்பர் வேறு சிலர். அங்கே ஏதோ பழைய கட்டடம் புதைந்திருக்கிறது என்று முன்னாளிலேயே எழுதி வைத்தவர்களில் ஒருவர் வானியலர். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காண்பதற்காகவே புதுச்சேரி வந்து காத்திருந்தவர் கில்லோம் லெ ஜாந்தீ. 1769 ஜூனில் அந்த நாள் வந்தபோது வானம் மேகம் மூடிக்கொண்டது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காட்சி கைதவறிப்போன அதே மனிதரின் கண்ணில்தான் வீராம்பட்டினம் அருகே ஆற்றோரத்துச் செங்கல் சுவர்கள் பட்டன.

பிறகு நெடுங்காலம் யாரும் தேடவில்லை. 1937இல் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ரேய், மேட்டில் பொறுக்கிய மணிகளை ஊர்ச் சிறுவர்களிடமிருந்து வாங்கினார். அவற்றில் ஒரு கல்லில் மனிதத் தலை செதுக்கப்பட்டிருந்தது. அதை ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் தலை என்று அவர் அடையாளம் கண்டார். இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்ட்டிமர் வீலர், 1944இல் சென்னை அருங்காட்சியகத்தில் இங்கிருந்து போன மதுச்சாடியின் கைப்பிடியைக் கண்டு திகைத்து, புதுச்சேரி வந்து இத்தாலிய அரெட்டைன் ஓடுகளையும் பார்த்தார். 1945இல் அகழ்வாய்வு தொடங்கியது. காலம் தெரிந்த ரோமானிய ஓட்டை வைத்து, அதோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த உள்ளூர் ஓட்டுக்கும் காலம் கணிக்கலாம் என்பது அவருடைய வழி. தென்னிந்தியத் தொல்லியலுக்கு உறுதியான காலக்கணக்கு கிடைத்தது இந்த ஆற்றங்கரையில்தான். 1947–50இல் ழான் மரி கசால் தொடர்ந்தார். 1989–92இல் விமலா பெக்லி மீண்டும் தோண்டி, ரோமானியர் வருமுன்பே இங்கே மக்கள் வாழ்ந்ததையும், அவர்கள் போன பின்பும் துறை உயிரோடு இருந்ததையும் காட்டினார். ரோமானியர் கட்டிய ஊர் என்ற பழைய எண்ணம் அதோடு தளர்ந்தது. கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளஸ் சொல்லும் பொதுகே இதுதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்றது மணிக்கதை. உருகிய கண்ணாடியை நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடாக்கி முனை மழுக்கிச் செய்த சின்ன மணிகள் இங்கிருந்து கிழக்கே தென்கிழக்காசியா வரை போயின. அதே முறை ஆந்திரத்தின் பாப்பநாயுடுபேட்டையில் அண்மைக் காலம் வரை கைமாறி வந்திருக்கிறது. மேட்டுக்கு இன்று போனால் கண்ணில் நிற்பது 18ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ மடத்தின் இடிந்த செங்கல் சுவர் மட்டுமே. அகழ்ந்த குழிகளெல்லாம் மூடப்பட்டுவிட்டன. அதனால், முதலில் பாரதி பூங்கா அருகே உள்ள புதுச்சேரி அருங்காட்சியகத்தில் மணிகளையும் சாடித் துண்டுகளையும் காட்டிவிட்டு அதன் பிறகு மேட்டுக்கு அழைத்துப் போவதே சரியான வரிசை. வரிசை மாறினால் குழந்தைக்கு அது வெறும் தோப்பாகத்தான் தெரியும்.

பிரெஞ்சுக் காலத்து இடங்கள்

1748இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது அரியாங்குப்பத்துச் சிறு கோட்டை அவரைப் பல நாள் தடுத்து நிறுத்தியது. வெடிமருந்து தீப்பிடித்து வெடித்த பிறகே பிரெஞ்சுக்காரர் அதைக் கைவிட்டனர். அந்தத் தாமதத்தோடு மழைக்காலமும் சேர்ந்துகொள்ள, முற்றுகை அக்டோபரில் கலைந்தது.

தாவரவியல் பூங்கா 1826இல் தொடங்கியது. குடியேற்ற நாடுகளிலிருந்து கொண்டுவந்த பயன்தரும் மரங்களும் செடிகளும் இந்த மண்ணில் பிழைக்குமா என்று பார்ப்பதற்கான தோட்டம் அது. சாமுவேல் பெரோத்தே என்ற தாவரவியலர் அதை வளர்த்தெடுத்து, 1870இல் புதுச்சேரியிலேயே காலமானார். பொம்மை ரயிலும் மீன் காட்சியகமும் பிற்காலச் சேர்க்கைகள். பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் நகருக்கு முத்திரையர்பாளையத்துத் தண்ணீர் வந்ததன் நினைவு. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் கதை அந்த நீரோடு சேர்ந்து வழங்குகிறது. அவள் பெயரைத் தாங்கிய மண்டபமே இன்று புதுச்சேரி அரசின் சின்னம்.

துறைமுகமும் மணலும்

கடற்கரைச் சாலையில் 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம் 1979 வரை பணி செய்தது. 1866இல் கடலுக்குள் நீட்டிக் கட்டிய இரும்புப் பாலத்தை 1952 புயல் கொண்டுபோயிற்று. பின்னர் தெற்கே வம்பாகீரப்பாளையத்தில் கட்டிய பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து கடலில் விழுந்தது. பாலத்தை மட்டுமல்ல, புதுச்சேரி தன் மணலையும் கடலுக்கு விட்டது. அது நடந்த விதத்தைத் தெரிந்துகொள்ளாமல் புதுச்சேரிக் கடற்கரையைப் பார்ப்பது பாதிதான் பார்த்ததாகும்.

சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது. மணல் ஓர் ஆறுபோல நடந்து போகிறது என்றே வைத்துக்கொள்ளலாம். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல்லால் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தேங்கியது. வடக்கே நகரின் கரைக்கு மணல் வரத்து நின்றது. அலை எடுத்ததை ஈடுசெய்ய எதுவும் வராததால் கரை கரைந்தது. வீடுகளும் சாலையும் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். பிள்ளைகள் மணல்வீடு கட்டிய கடற்கரை, கல்மேல் உட்கார்ந்து அலை பார்க்கும் கரையாகிவிட்டது. கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு மீனவக் குப்பங்களை நோக்கி நகர்ந்தது. இழப்பின் பெரும்பங்கு அவர்களுடையது.

2018 வாக்கில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் முயற்சியில் நீருக்கடியில் ஆப்பு வடிவச் செயற்கைத் திட்டு அமைக்கப்பட்ட பிறகு, காந்தி சிலைப் பக்கத்தில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த மணலில் குழந்தைகள் கால் வைத்ததைப் பார்த்து மகிழாமல் இருக்க முடியாது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கோ சிக்கல் வேறு மாதிரி. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் படகு உள்ளே வர முடியாது, வெளியேயும் போக முடியாது. தூர்வார வேண்டும் என்ற மீனவர் கோரிக்கை ஓய்ந்ததே இல்லை.

அலையாத்திக் காடு

அலையை ஆற்றுவது அலையாத்தி. இதைவிடப் பொருத்தமாக ஒரு காட்டுக்குப் பெயர் வைக்க முடியாது. தேங்காய்த்திட்டிலிருந்து முருங்கப்பாக்கம் வரை உப்பங்கழியின் ஓரங்களில் கண்டல் மரங்கள் நிற்கின்றன. பிச்சாவரத்தைப்போல் பரந்த காடல்ல, பல இடங்களில் ஒரு வரிசைப் பச்சைதான். ஆனால் நகரத்திலிருந்து கால் மணி நேரத்தில் எட்டக்கூடிய காடு, குழந்தைகளை அழைத்துச் செல்ல அதுவே வசதி.

நீர் வற்றும் வேளையில் போவது நல்லது. சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல் ஆயிரக்கணக்கில் மேல்நோக்கி முளைத்த மூச்சு வேர்கள் அப்போதுதான் தெரியும். சேற்றுக்குள் காற்றில்லை, அதனால் வேர் வெளியே வந்து மூச்சு வாங்குகிறது. இலையின் மேல் உப்புத் துகள் படிந்திருக்கும். உறிஞ்சிய உப்பை இம்மரம் இலைவழியே வெளியேற்றுகிறது. விதை மரத்தில் இருக்கும்போதே முளைக்கத் தொடங்குவது இன்னொரு வியப்பு. வேர்களுக்கிடையே நண்டு, இறால்குஞ்சு, மேலே கொக்கு, மீன்கொத்தி. நகரத்துக் கழிவு உப்பங்கழியில் கலப்பதும், வேர்களில் நெகிழிப் பைகள் சிக்கிக் கிடப்பதும் அதே படகிலிருந்து கண்ணில் படும். அவற்றையும் குழந்தைக்குக் காட்டத்தான் வேண்டும்.

முருங்கப்பாக்கத்தில் ஆற்றோரமாகக் கைவினைக் கிராமம் ஒன்று உண்டு. சுடுமண் கலை இப்பகுதியின் பழைய தொழில். புதுச்சேரியின் சுடுமண் கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஊசுட்டேரியும் சுண்ணாம்பாறும்

நகருக்கு மேற்கே ஊசுட்டேரி, புதுச்சேரியின் மிகப் பெரிய ஏரி. அதற்கும் சங்கராபரணியிலிருந்து வாய்க்கால் வழியே நீர் வருகிறது. புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் 390 ஹெக்டேர் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலக் காலை நேரமே அங்கே போக ஏற்றது.

சுண்ணாம்பாறு படகு குழாம், கடலூர்ச் சாலையில் நகரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டரில், நோணாங்குப்பத்தில் இருக்கிறது. புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. மேலே சொன்னவற்றுக்கு மாறாக, இது தொடக்கத்திலிருந்தே உலாவுக்காக அமைந்த இடம். இங்கிருந்து படகு உப்பங்கழி வழியே பாரடைஸ் பீச் எனப்படும் மணல்திட்டுக்குப் போகிறது. ஒரு பக்கம் அசையாத ஆறு, மறுபக்கம் இரையும் கடல், நடுவே தென்னையும் சவுக்கும் எல்லையாக நிற்கும் மணல். வடக்கே சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரை 2021இல் நீலக்கொடித் தகுதி பெற்றது. முகத்துவாரத்தை ஒட்டிக் குளிப்பது ஆபத்து. வெளியே தெரியாத இழுப்பு அங்கே எப்போதும் உண்டு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சங்கராபரணி வெள்ளம் வந்து முகத்துவாரத்தை உடைத்துப் போகும்போதெல்லாம் பாரடைஸ் பீச் மணல்திட்டின் முனை இடம் மாறுகிறது. தண்ணீர் வடிந்ததும், எங்கே ஆழம், எங்கே மணல் ஏறியிருக்கிறது என்று படகோட்டிகள் புதிதாகப் பார்த்துத் தடம் பிடிக்கிறார்கள்.