எடைக்குப் போட்ட சைக்கிள்

நம் கூட்டமைப்பு மலருக்கு வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைவி அக்கா கேட்டாங்க. "நான் பத்தாவதுதானேக்கா, எனக்கு என்ன வரலாறு தெரியும்?" என்றேன். "உன் வீட்டுல இருக்கிறதை எழுது" என்றாங்க. எங்க வீட்டில் இருப்பது ஒரு பழைய ஹெர்குலிஸ் சைக்கிள். அதைப் பற்றி எழுதினால் நான் செய்த ஒரு தப்பையும் எழுதியாக வேண்டும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கல்யாணமாகி மூணாவது வருஷம், 2012. எங்க வீட்டுக்காரர் டி.வி.எஸ். வண்டி வாங்கியிருந்தார். மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஒரு ஜென்ட்ஸ் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. செயின் துருப்பிடித்து, டயர் வெடித்து, கோழி ஏறி உட்காரும். ஒருநாள் பழைய இரும்பு வாங்குகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வந்தார். இடத்தை அடைக்கிறதே என்று தூக்கிக் கொடுத்துவிட்டு இரண்டு பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் அத்தை வேலை முடிந்து வந்தாங்க. சுவரைப் பார்த்தாங்க, குடத்தைப் பார்த்தாங்க. "குடம் நல்ல கனமா இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போயிட்டாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த சைக்கிள் என்ன சைக்கிள் என்று எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்துத்தான். ஒரு மகளிர் தினக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர்களைப் பேசச் சொன்னார்கள். வீட்டில் அதிகம் பேசாத என் மாமியார் மைக் பிடித்துப் பேசினாங்க. அன்றைக்குக் கேட்டதையும், பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

1991இல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுக்கொடுக்கும் பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். பஸ் கிடையாது, நடந்து போனால் இருட்டிவிடும். அதனால் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் கொடுக்கவும் வழி செய்தார். சைக்கிளுக்கென்றே ஒரு பாட்டு எழுதிப் பாடினார்கள். அத்தைக்கு அது இன்னும் மனப்பாடம்.

அத்தை அப்போது கல்லுடைக்கிற வேலை பார்த்தாங்க. அதே காலத்தில்தான் நம் மாவட்டத்தில் கல்குவாரிகளைக் காண்ட்ராக்டருக்கு விடாமல், அங்கே வேலை செய்த பெண்களையே குழுவாகச் சேர்த்துக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். இப்போது நாம் மகளிர் திட்டம் என்று சொல்வது 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்து, மாநிலம் முழுக்கப் பரவியது 1997க்குப் பிறகு. அதற்கு முன்னாலேயே நம் ஊர்ப் பெண்கள் குழுவாக உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார்கள். குழுக் கணக்கு எழுதுகிற எனக்கே இது தெரியாமல் இருந்தது.

பகலெல்லாம் கல்லுடைத்துவிட்டு, ராத்திரி நிலா வெளிச்சத்தில் வாடகை சைக்கிள் எடுத்துப் பழகினாங்களாம். பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, அசிங்கமாகப் பேசியவர்களும் உண்டு. முட்டியெல்லாம் காயம். ஆனால் ஒரு வாரத்தில் ஓட்டிட்டாங்க. பிறகு கூலியில் மிச்சம் பிடித்து ஒரு செகண்ட் ஹேண்ட் ஹெர்குலிஸ் வாங்கினாங்க. 1992 மார்ச் 8 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் சைக்கிளில் போனார்கள். அதில் அத்தையும் ஒருத்தர். அந்த இயக்கத்தில் நம் மாவட்டத்தில் ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். வடநாட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு இந்திப் புத்தகத்தில் அதைப் பாடமாகவே படித்தார்கள்.

"ஏன் அத்தை, லேடீஸ் சைக்கிள் வாங்காம ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்குனீங்க?" என்று கேட்டேன். ஒன்று, அப்போது லேடீஸ் சைக்கிள் கேட்டாலும் கிடைக்காது. இன்னொன்று, ஜென்ட்ஸ் சைக்கிளில்தான் பார் உண்டு. "பாரில் பிள்ளை, பின்னாடி கேரியரில் தண்ணிக் குடம், ஹேண்டிலில் சோத்துப் பை. லேடீஸ் சைக்கிள்ல பிள்ளையை எங்க ஆத்தா வைக்கிறது?" என்றாங்க. அந்தப் பாரில் உட்கார்ந்து போன பிள்ளைதான் எங்க வீட்டுக்காரர். அந்த சைக்கிளைத்தான் நான் இரண்டு குடத்துக்குப் போட்டேன்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து பழைய சைக்கிள் தேட ஆரம்பித்தேன்.

தேடும்போதுதான் சைக்கிளுக்கும் ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது. முதலில் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. ஹெர்குலிஸ் பர்மிங்காமிலும் ராலே நாட்டிங்காமிலும் செய்தது. 1949இல் சென்னையில் முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்து கம்பெனியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கினார்கள். பிறகு நம் ஹெர்குலிஸ் அம்பத்தூரில் தயாரானது. 1951இல் சோனிபட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ. ஹேண்டிலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கிற பட்டயத்தைத் துடைத்துப் பார்த்தால் எந்தக் கம்பெனி என்று தெரியும். ராலே என்றால் அதில் கொக்குத் தலை இருக்கும். பெடல் சக்கரத்தில்கூட கொக்கு வெட்டியிருப்பார்கள்.

எனக்குக் கிடைத்தது பக்கத்து ஊர் காயலான் கடையில். பழைய ஹெர்குலிஸ். அத்தையோட சைக்கிள் இல்லை, அது எப்பவோ உருகிப் போயிருக்கும். 22 கிலோ இருந்தது. கிலோ 32 ரூபாய் என்று 704 ரூபாய் கொடுத்தேன். வாங்கும் முன் ஒன்று பார்க்க வேண்டும் என்று சைக்கிள் கடை அண்ணன் சொல்லியிருந்தார். பெயிண்டு போயிருக்கலாம், டயர் இல்லாமல் இருக்கலாம், ஃபிரேம் மட்டும் வளைந்திருக்கக் கூடாது, வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கக் கூடாது. முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும்.

அண்ணன் கடையில் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டேன். முதலில் எல்லாத்தையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் இருக்கும். அது தெரியாமல் நான் பலம்கொண்ட மட்டும் இறுக்கிக்கொண்டே இருந்தேன். "தங்கச்சி, நீ கழட்டல, பூட்டுற" என்று அண்ணன் சிரித்தார். பெடல் கட்டையைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னைச் சும்மா அடித்தால் நுனி நசுங்கிவிடும். நட்டைப் பின் நுனி வரை திருகி வைத்து, அடியில் முட்டுக் கொடுத்து, ஒரே அடியாகத் தட்ட வேண்டும். பின் ஹப்பில் ஒரு பக்கத்துக்கு 9 பால்ஸ், முன் ஹப்பில் அதைவிடச் சின்னது பக்கத்துக்கு 10. பழசைத் திரும்பப் போடாமல் புதுசு போட்டு கிரீஸ் வைத்தோம். உடைந்த போக்ஸ் கம்பி 12 மாற்றி, வீல் கோட்டம் எடுத்தோம். கோட்டம் எடுப்பதற்கு எனக்கு இன்னும் கை வரவில்லை.

இவ்வளவு சுலபமாக முடிந்ததற்குக் காரணம், இன்றைக்கும் நம் நாட்டில் அதே மாதிரி கறுப்பு சைக்கிள் செய்கிறார்கள். 28க்கு ஒன்றரை டயர் டவுன் கடையில் கிடைக்கும். டயர், டியூப், செயின், ஃபிரீவீல், பிரேக் கட்டை, கம்பி, பால்ஸ், பின் எல்லாம் 1,470 ரூபாய். அண்ணன் கூலி 500. சைக்கிள் விலையோடு சேர்த்து 2,674 ரூபாய். குழுவில் 3,000 உள்கடன் எடுத்தேன், ஆறு மாதத்தில் கட்டி முடித்தேன். பெயிண்டு அடிக்கவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்ததோடு விட்டுவிட்டேன். பட்டயத்தின் எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காக.

வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். அத்தை வந்து பாரைத் தடவிப் பார்த்தாங்க. பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டாங்க. "செயின் தொங்குது, இழுத்துப் பூட்டச் சொல்லு" என்றாங்க. அப்புறம் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வந்தாங்க. வயசு 63. நான் குடத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். "விடு ஆத்தா, நானும் உனக்குச் சொல்லலையே" என்றாங்க.

இப்போது அந்த சைக்கிளில் என் மகள் ஏழாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளிக்கூடம் 5 கிலோமீட்டர். அரசாங்கம் கொடுக்கும் இலவச சைக்கிள் பதினொன்றாவதில்தான் கிடைக்கும். நான் பத்தாவதோடு நின்றதே மேல்நிலைப் பள்ளி தூரம் என்பதால்தான். எங்க ஊரில் ஆறாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் நடக்கிற பெண் பிள்ளைகள் 11 பேர் இருக்கிறார்கள். பெரிய சைக்கிளாச்சே என்று நினைக்க வேண்டாம். மகள் முதலில் குரங்குப் பெடல் போட்டாள், இப்போது பார் மேல் ஏறிவிட்டாள். கற்றுக்கொடுத்தது அவ அப்பத்தா. இதைப் பார்த்து எங்க குழுவில் இன்னும் இரண்டு பழைய சைக்கிள் வாங்கிப் பூட்டியிருக்கிறோம், மூன்றாவது அண்ணன் கடையில் கிடக்கிறது.

சகோதரிகளே, உங்க வீட்டுக் கொட்டகையிலும் ஒரு பழைய சைக்கிள் கிடக்கலாம். கொடுப்பதும் வைப்பதும் உங்க விருப்பம். இரும்புக்காரர் வரும் அன்றைக்கு, வீட்டில் இருக்கிற மூத்த பொம்பளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். நான் கேட்கவில்லை.