எத்தனை மைக்ரான்?

மகளின் அரங்கேற்றத்துக்கு வெள்ளியில் நகை செய்து தங்க முலாம் பூசலாமென்று புனேயில் ஒரு பட்டறைக்குப் போனோம். "எத்தனை மைக்ரான் வேண்டும்?" என்று கேட்டார் பட்டறைக்காரர். திருதிருவென முழித்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, நகைமேல் பூசித் தீயில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். பூச்சு தலைமுறை தாண்டி நிற்கும். ஆவியைச் சுவாசித்த தொழிலாளிக்கோ கை நடுக்கமும் புத்தித் தடுமாற்றமும்தான் மிச்சம்.

1805-இல் இத்தாலியின் பவியாவில் புருக்னாடெல்லி என்பவர், வோல்ட்டாவின் மின்கலத்தை வைத்து வெள்ளிப் பதக்கங்களில் தங்கம் ஏற்றிக் காட்டினார். 1840-இல் பர்மிங்காமின் எல்கிங்டன்கள் காப்புரிமை வாங்கியபின் அது பெருந்தொழிலாயிற்று. பாதரசத்தின் இடத்துக்கு வந்தது சயனைடு கரைசல்! இதுவும் விஷம்தான். ஆனால் ஒழுங்காகக் கையாண்டால் தொட்டியோடு அடக்கி வைக்கலாம்.

நம் நாகர்கோவில் வடசேரியில் பாதரசமும் இல்லை, மின்சாரமும் இல்லை; வெள்ளிமேல் மெல்லிய தங்கத் தகட்டைப் பதித்துக் கெம்புக்கல் வைப்பது அங்கே மரபு. அரங்கேற்றத் தேதி நெருங்கிவிட்டதால் எங்களுக்கு அது கைகூடவில்லை.

மின்முலாமில் கனத்தைச் சொல்லிக் கேட்கலாம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் 'வெர்மெய்' என்ற பெயரில் விற்க 2.5 மைக்ரானாவது வேண்டும். நானும் அதையே சொன்னேன்.

கூடவே, "தொட்டிக்கு மேலே புகைபோக்கி இருக்கிறதா?" என்றும் கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். இருந்தது.

நீங்களும் கேளுங்களேன்.