கணக்கு கேட்டு உட்கார்ந்த நாற்பது நாட்கள்



சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் மழைநீர் வடிகால் பற்றிப் பேச்சு வந்தபோது நண்பர் ஒருவர், "கொடி பிடித்து, கோஷம் போட்டு இந்த நாட்டில் எது சார் நிரந்தரமாக மாறியிருக்கிறது?" என்று கேட்டார். நேரமாகிவிட்டதால் அன்று பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் பேரேடும் வவுச்சரும் பார்த்தவன் என்பதால், கணக்கு சம்பந்தப்பட்ட ஒரு போராட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

இடம் ராஜஸ்தான். 1990 மே 1 அன்று அங்குள்ள கூலித் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் முன்நின்றார்கள். அருணா ராய் சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். பதவியை விட்டுவிட்டு கிராமத்துக்குப் போனவர்.

அரசு வேலைகளில் மண் சுமந்தவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், "நீங்கள் செய்த வேலை குறைவு, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்பார்கள். பதிவேட்டைக் காட்டச் சொன்னால், "அதெல்லாம் வெளியே காட்டக்கூடாது" என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்து 1923-ஆம் வருட அரசு ரகசியச் சட்டம் அவர்களுக்குத் துணை இருந்தது. ஆக, கூலிப் பிரச்சினை காகிதப் பிரச்சினையாக மாறியது.

1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில் முதல் பொது விசாரணை நடந்தது. கிடைத்த மஸ்டர் ரோல்களையும் பில்களையும் ஊர் கூடிய இடத்தில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது. முடியாத வேலை முடிந்ததாகக் கணக்கில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் எழுந்து, "நான் அன்று வேலைக்கே போகவில்லை" என்று சாட்சி சொன்னார்கள். எங்கள் தொழிலில் இதை வவுச்சர் சரிபார்ப்பு என்போம். அதைத்தான் அந்த மக்கள் செய்தார்கள்.

1995-இல் மாநில முதல்வர், ஆவணங்களின் நகல் மக்களுக்குத் தரப்படும் என்று சட்டசபையில் அறிவித்தார். ஒரு வருடமாகியும் உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் தர்ணா தொடங்கியது. நாற்பது நாள் நடந்தது. கிராமத்தார் தானியம் கொண்டுவந்தார்கள். ஊர் வியாபாரிகள் காய்கறி கொடுத்தார்கள். 'ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்' (நம் பணம், நம் கணக்கு) என்பதே கோஷம். மறு வருடம் ஜெய்ப்பூரில் 53 நாள் தர்ணா.

அதன் பிறகும் உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. தமிழ்நாடு 1997-லேயே ஒரு தகவல் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் விதிவிலக்குகள் அதிகம். ராஜஸ்தான் சட்டம் 2000-இல் வந்தது. 2002-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. கடைசியில் 2005 அக்டோபர் 12 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. பியாவர் பந்தலிலிருந்து ஒன்பது வருடத்துக்கு மேல்!

நண்பரின் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. 2019-இல் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே நிர்ணயிக்கும்படி சட்டம் திருத்தப்பட்டது. 2023-ஆம் வருட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம், தனிநபர் விவரம் என்று சொல்லித் தகவலை மறுக்க வழி அகலமாகியிருக்கிறது. தகவல் கேட்டதற்காகத் தாக்கப்பட்டவர்களும், உயிரை இழந்தவர்களும் உண்டு. கிடைத்த உரிமை அப்படியே நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

வங்கியில் இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கி வைப்போம். பணம் இருக்கும், ஆனால் எடுக்கப் போனால் சிரமம். உரிமையும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. போராட்டம் கணக்கைத் தொடங்கித் தரும். அதை நடப்பில் வைத்திருப்பது நம்மைப் போன்றவர்கள் வேலை. அதற்குக் கொடி பிடிக்க வேண்டியதில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிய ஒரு மனு போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

நம் வடிகால் விஷயத்துக்கு வருகிறேன். வேலை உத்தரவு, அளவுப் புத்தகம், பில் ஆகியவற்றின் நகல் கேட்டு ஒரு மனு தயார் செய்திருக்கிறேன். சட்டம் இந்த உரிமையைக் குடிமக்களுக்குத் தந்திருப்பதால், சங்கத்தின் பெயரில் இல்லாமல் என் பெயரிலேயே போடுகிறேன். வேலை நடந்த இடத்தை நேரில் பார்வையிடவும் சட்டம் அனுமதிக்கிறது. அந்தத் தேதி கிடைத்ததும் அறிவிப்புப் பலகையில் போடுகிறேன். அளக்கும் டேப் என்னிடம் இருக்கிறது. கூட்டத்தில் கேள்வி கேட்ட நண்பர் அவசியம் உடன் வர வேண்டும்.