ஸாவும் மரக்காலும்

காஞ்சிபுரத்துப் பட்டைப் பற்றி எழுதியோர் பலர். அந்நகரத்து மரக்காலைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. உத்தம சோழனின் 16-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, 'சென்னை அருங்காட்சியகச் செப்பேடு' என ஆய்வாளர் வழங்கும் ஆவணத்தில் அந்நகரம் கச்சிப்பேடு எனக் குறிக்கப்படுகிறது. 'கோல் நிறை கூலி', 'கால் அளவு கூலி' என்னும் இரண்டு வருவாய்கள் அதில் பேசப்படுகின்றன. முன்னது நிறுப்பதற்கான கட்டணம். பின்னது மரக்காலால் அளப்பதற்கான கட்டணம். இவை ஊரகத்துக் கோயிலுக்கு உரியவை. கோயிலின் அறநிலையைக் கவனிக்கும் பொறுப்பு அந்நகரத்து நெசவாளர் சேரிகளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அளவுக் கூலி பெற்ற அக்கோயில் இன்று 'உலகளந்த பெருமாள்' பெயரால் அறியப்படுவது பொருத்தமான தற்செயல்தான்.

அளப்பதற்கே கூலி வாங்கிய ஒரு நகரில், அளவு எது என்பதில் ஐயத்திற்கு இடமிருந்திருக்க முடியாது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ரமளானின் இறுதி நாள்களில் நம்மிடையே ஓர் ஐயம் எழுகிறது. ஃபித்ரா தர்மத்திற்குரிய ஒரு ஸாவு எவ்வளவு? ஷாஃபிஈ மத்ஹபினர் அரிசியில் முழு ஸாவு கொடுக்கின்றனர். ஹனஃபிகள் கோதுமையில் அரை ஸாவைக் கணக்கிடுகின்றனர். கிலோ கணக்கு ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. இவ்வேறுபாடு கவனக்குறைவால் வந்ததன்று. அதன் வேரைக் காண, நமக்கு முந்தைய வேதத்தாரின் அளவைகளையும் சேர்த்து நோக்குவது பயன் தரும்.

தமிழர் வாய்பாட்டில் 8 ஆழாக்கு ஒரு நாழி அல்லது படி. 8 நாழி ஒரு மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம். எபிரேயர் வாய்பாட்டில் 4 லோக் ஒரு காப். 6 காப் ஒரு ஸேஆ. 3 ஸேஆ ஓர் ஏஃபா. 10 ஏஃபா ஒரு ஹோமர். ஹோமர் என்பது கழுதைச் சுமை என்னும் பொருளுடையது என்பர். யூஸுஃப் (அலை) வரலாற்றில் திருக்குர்ஆன் கூறும் ஒட்டகச் சுமையளவு இங்கே நினைவுக்கு வருகிறது. அதே வரலாற்றில் வரும் அரசரின் 'ஸுவாஉ', ஸாவு என்னும் சொல்லின் உடன்பிறப்பு. அதைத் தானியம் அளக்கும் பாத்திரமாகவே விரிவுரையாளர் விளக்கினர்.

விவிலியத்தைத் தமிழாக்கியோர் ஏஃபாவை மரக்கால் என்றனர். ஹோமரைக் கலம் என்றனர். இப்ராஹீம் (அலை) அவர்களின் விருந்தினருக்காகப் பிசைந்த மாவின் ஸேஆவைப் படி என்றனர். லோகை ஆழாக்கு என்றனர். ஓர் ஏஃபாவுக்கு 72 லோக். ஒரு மரக்காலுக்கு 64 ஆழாக்கு. இங்கே பொருத்தம் வியப்பூட்டுகிறது. ஆனால் மரக்காலுக்கு 8 படி இருக்க, ஏஃபாவுக்கு 3 ஸேஆ மட்டுமே. கலத்துக்கு மரக்கால் 12. ஹோமருக்கு ஏஃபா 10. பெயரை மாற்றிவிடலாம், விகிதத்தை மாற்ற இயலாது. வாசகருக்கு விளங்க வேண்டும் என்னும் நோக்கில் செய்யப்பட்ட இதை நாம் குறை கூறவில்லை. ஆயினும் தமிழ்ச் சொல்லை நம்பிக் கணக்குப் போடுவோர் ஏமாறுவர்.

இனி, அந்த ஏஃபாதான் எத்தனை லிட்டர்? ஏஃபாவுக்குச் சமமான திரவ அளவு 'பாத்' ஆகும். அப்பெயர் பொறித்த சாடிகளின் உடைந்த துண்டுகளைக் கொண்டு ஆல்பிரைட் ஏறத்தாழ 22 லிட்டர் என மதிப்பிட்டார். முதல் நூற்றாண்டின் ஜோசஃபஸ் கூறும் 72 கிரேக்க அளவுகளோ ஏறத்தாழ 39 லிட்டராகின்றன. யூத ரப்பிமார் ஒரு லோகை 6 கோழிமுட்டையின் கொள்ளளவாகக் கொண்டனர். 18-ஆம் நூற்றாண்டில் பிராகு நகர ரப்பி யெஹெஸ்கேல் லாண்டாவ், முட்டைகளே முற்காலத்தைவிடப் பாதியாகச் சிறுத்துவிட்டன என்ற முடிவுக்கு வந்தார்! 20-ஆம் நூற்றாண்டில் ஜெருசலேமின் ரப்பி ஹயீம் நாயே அதை ஏற்கவில்லை. அவர் பற்றிக்கொண்டது எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் எழுதிவைத்த கணக்கை: ஒன்றரை முட்டையளவு நீர் ஏறத்தாழ 27 திர்ஹம் எடை. திர்ஹத்தை 3.2 கிராம் எனக் கொண்டால் 86.4 கிராம்; ஒரு முட்டைக்கு 57.6. ஆக, எபிரேய அளவையின் ஒரு முக்கியமான கணக்கு முஸ்லிம் உலகின் திர்ஹத்தின்மீது நிற்கிறது.

நம் ஸாவிலும் இதே சிக்கல் எழுந்தது. 4 முத்து ஒரு ஸாவு என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஒரு முத்து எத்தனை ராத்தல் என்பதில்தான் வேறுபாடு. (நம் பாட்டிமார் பவுண்டுக்கு வழங்கிய 'ராத்தல்' அரபுச் சொல்லே.) இமாம் அபூஹனீஃபா (ரஹ்) 2 ராத்தல் என்றார்கள்; ஆகவே ஸாவு 8 ராத்தல். மதீனாவாசிகள் ஸாவை 5⅓ ராத்தல் என்றனர். இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) மதீனா சென்று இதை விசாரித்தபோது, முஹாஜிர்கள், அன்ஸாரிகளின் வழித்தோன்றல்களான முதியோர் ஏறத்தாழ ஐம்பதின்மர் தத்தம் வீட்டு ஸாவை மேலாடைக்குள் கொண்டுவந்தனர். தந்தை வழியாக வந்த நபிகளாரின் (ஸல்) ஸாவு இது என ஒவ்வொருவரும் கூறினர். அனைத்தும் ஒத்திருந்தன. அளந்து பார்த்த அபூயூஸுஃப் (ரஹ்) தம் ஆசிரியரின் கருத்தை விட்டு மதீனாவின் அளவை ஏற்றார்கள். எபிரேயரிடம் சாடியின் ஓடுகளும் வாய்பாடுமே எஞ்சின. மதீனாவில் பாத்திரமே எஞ்சியிருந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் மிகப் பெரிது.

ஹனஃபி ஃபத்வா 8 ராத்தலிலேயே நிலைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதன்படி அரை ஸாவு ஏறத்தாழ 1.6 கிலோ கோதுமையாகிறது.

மதீனாவின் ஸாவை இக்கால நூல்கள் பல 2.75 லிட்டர் என்கின்றன. சென்னை மாகாணத்தில் 1846-இல் மரக்கால் 800 கன அங்குலமாக நிர்ணயிக்கப்பட்டது. படி 100 கன அங்குலம், அதாவது 1.64 லிட்டர். அப்படியால் ஒரு ஸாவு ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. விளைபொருள் ஜகாத்திற்குரிய 5 வஸக், அதாவது 300 ஸாவு, ஏறத்தாழ 503 படி, 63 மரக்கால், ஐந்தேகால் கலம். ஆனால் இது ஆங்கிலேயர் நிர்ணயித்த மரக்காலின் கணக்கு. சோழர் காலத்துத் தஞ்சைக் கோயிலின் 'ஆடவல்லான்' மரக்காலும், கச்சிப்பேட்டில் கூலிக்கு அளந்த காலும் இதற்கு ஒத்தவை எனக் கொள்ள ஆதாரமில்லை.

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து படியும் மரக்காலும் கடைத்தெருவிலிருந்து விலகின, கிலோ வந்தது. ஸாவு கொள்ளளவு, கிலோ எடை. ஒரே பாத்திரத்தில் அரிசி, வாற்கோதுமை, பேரீச்சம்பழம் ஆகியவற்றை நிரப்பி நிறுத்தால் மூன்று எடைகள் கிடைக்கும். அரிசிக்குக் கூறப்படும் கிலோ கணக்கை மற்றத் தானியத்திற்கும் அப்படியே எழுதிவிடும் துண்டுப் பிரசுரங்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். 2.75 லிட்டர் கொள்ளும் ஒரு பாத்திரத்தை மஹல்லாவில் வைத்து, கொடுக்கும் தானியத்தை அதில் நிரப்பியே நிறுத்துப் பார்ப்பது ஒன்றும் கடினமன்று.