அறுப்பும் வெட்டும்

இராசபாளையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கறிக்கடையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி, வீட்டில் வளர்த்த சேவலைக் கக்கத்தில் இடுக்கியபடி, "பாய், இத அறுத்துக் குடுங்க. கறிய மட்டும் சின்னதா வெட்டுங்க" என்றார். இரண்டும் கத்தியின் வேலைதான். ஆனால் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்துச் சொல்லிப் பாருங்கள், காது ஒப்பாது.

ஒலியே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. வெட்டு என்கையில் மடிந்த நா அண்ணத்தில் மோதி நின்றுவிடுகிறது; அறு என்கையில் நுனிநா அண்ணத்தை வருடி அதிர்கிறது. ஓங்கி இறங்குவது வெட்டு, இழுத்து ஓட்டுவது அறுப்பு. அதனால்தான் கோடரி வெட்டும் மரத்தையே ரம்பம் அறுக்கிறது. கரும்பை வெட்டுகிற உழவர் கதிரை அறுக்கிறார். திருவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்க் கோயில்களில் அரிவாளின் ஒரே வீச்சில் தலை விழவேண்டிய படையலுக்குக் கிடா வெட்டு என்றே பெயர். பக்ரீத்தன்று இசுலாமியர் வீடுகளில் ஆடு அறுக்கிறார்கள். பலியில் அறு என்னும் வினை மிகப் பழையது. குறுந்தொகையின் 263ஆம் பாட்டில், வெறியாட்டில் ஆட்டுக்குட்டியின் தொண்டைக்கு நேர்வதைச் சொல்லும் வினை இதுதான். அங்கே தொண்டைக்கு வழங்கும் சொல் குரல்! ஓசைக்கும் அது பிறக்கும் இடத்துக்கும் ஒரே பெயர். குரல்வளை என்பதில் அது இன்னும் உயிரோடிருக்கிறது.

நம் பேச்சில் இயல்பாய் நிற்கும் இந்தப் பிரிவினை யூதருக்குச் சமயச் சட்டமாகவே இருக்கிறது. அவர்களது எபிரேய மொழியில் அறுப்புக்கு ஷெஹிதா என்றும் அறுப்பவருக்கு ஷோஹெத் என்றும் பெயர். பல்லில்லாத கூர்ங்கத்தி மூச்சுக்குழலிலும் உணவுக்குழலிலும் தங்காமல், புதையாமல், இடம் பிசகாமல், பிய்க்காமல் ஓட வேண்டும். ஐந்தாவது விலக்கு தெராசா, அதாவது அமுக்கல். கோடரிபோல் ஓங்கி இறக்குவதும் இதில் அடங்கும். நம் சொல்லில் சொன்னால், வெட்டியது ஆகாது, அறுத்ததே ஆகும். ஆகும் என்பதற்கு அவர்கள் சொல் கோஷர். தகுதியுடையது என்பது அதன் பொருள். அரபியின் ஹலாலோ முடிச்சவிழ்ப்பதைக் குறிக்கும் வேரில் பிறந்தது.

யூதர்கள் புலம்பெயர்ந்த ஊரில் சிக்கல் கத்தியோடு நிற்கவில்லை. யார் அறுத்தது, யார் ஒப்பியது என்று வளர்ந்தது. 1888இல் வில்னாவிலிருந்து யாக்கோபு யோசேப்பு என்னும் ரப்பியை (யூதச் சமய குருவை) நியூயார்க்கின் கிழக்கு ஐரோப்பிய யூதச் சபைகள் தலைமை ரப்பியாக அழைத்துக்கொண்டன. அவரது கண்காணிப்பில் அறுத்த கோழிக்கு ஈய முத்திரையும், அதற்கு ஒரு சென்ட் கட்டணமும் வந்தன. இல்லத்தரசியரும் கறிக்கடைக்காரரும் அதற்கு வைத்த பெயர் கரோப்கா. உருசிய மொழியில் பெட்டி என்று பொருள்படும் இச்சொல், சார் மன்னர் ஆட்சியில் கோஷர் இறைச்சிமேல் விதித்த வரியின் பெயர். எந்த வரியை விட்டுக் கடல் கடந்தார்களோ அதன் பெயரையே ஒரு சென்ட்டின்மேல் எறிந்தார்கள். அந்த ஒரு சொல்லின் காயம் ஆறாமலே 1902இல் அவர் மறைந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் மும்பையிலும், ஈராக்கிலிருந்து வந்து குடியேறிய பக்தாதி யூதர்கள், அங்கே முன்பே வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் அறுத்த இறைச்சியை ஏற்கத் தயங்கினார்கள்.

அறுப்பு முடிவைப் பற்றிய வழக்காவது தமிழ் அறிந்தவருக்கு வியப்பில்லை. அறுதி, அறுதியிடல் என்று முடிவுக்கும் நாம் இவ்வேரிலிருந்தே சொல் எடுத்திருக்கிறோம். துணிதலும் அப்படியே; அறுபடுவதும் துணிவதுதான், மனம் ஒரு முடிவுக்கு வருவதும் துணிவதுதான். இன்னும் ஒரு மடிப்பு உண்டு, அதை எண்ணும்போதெல்லாம் உள்ளம் துள்ளும். தறியிலிருந்து துணித்தது துணியானதுபோல், அறுத்தது அறுவையானது; மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் சங்கப் புலவர் விற்றது துணிதான். இப்போது அறுவை என்றால் மருத்துவரின் கத்திதான் நினைவுக்கு வரும். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்கிற மருத்துவக் கட்டுத்துணி, அறுவைக்கென்றே மருத்துவமனைக்குப் போகிற அறுவை.