மருத்துவக் காளான்களின் பாதுகாப்புச் சோதனை: எதன்மீது, யாருக்காக?

பசியாற்றுவதோடு நில்லாமல் உடல்நலத்துக்குக் குறிப்பிட்ட நன்மை தரும் என்று கருதி உண்ணப்படும் செயல்பாட்டு உணவுகளுள் ரெய்ஷி, ஷிடாகே, அகாரிகஸ் முதலிய மருத்துவக் காளான்களின் தூள்களும் சாரங்களும் இன்று பரவலாக இடம்பெற்றுள்ளன. அவை தீங்கற்றவை என்பதற்குத் தலைமுறைகளாக உண்டுவரும் வழக்கமே பெரும்பாலும் சான்றாகக் காட்டப்படுகிறது. அவ்வழக்கம் சோதனைக்கு ஈடாகாது என்பதற்கும், சோதனையுங்கூட விற்பனைப் பொருளின்மீதே நடந்தாலன்றிப் பயன்தராது என்பதற்கும் ஜப்பானில் நிகழ்ந்த இரண்டு நிகழ்வுகள் வலுவான ஆதாரங்களாகும்.

ஊசியிலை மரங்களின் பட்டுப்போன அடிக்கட்டைகளில் வெண்ணிறத்தில் விளையும் ஸுகிஹிராதாகே என்னும் காளானை அகிதா, யமகதா, நீகதா பகுதிகளின் மக்கள் நெடுங்காலமாக விரும்பிச் சமைத்து உண்டுவந்தனர். 2004 இலையுதிர் காலத்தில் அதை உண்டவர்களிடையே வலிப்பும் நினைவிழப்புமாக மூளை நோய் தோன்றி, 17 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் சிறுநீரக நோயாளிகள். டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். இத்தகைய பாதிப்பு முன்னரும் நேர்ந்து, காளானோடு தொடர்புபடுத்தப்படாமலே போயிருக்கக்கூடும். நீண்டகால வழக்கம் நலமுடையோரின் அனுபவத்தையே பெரிதும் பதிவுசெய்கிறது. நோயாளிகளுக்கு நேரும் தீங்கோ நோயின் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது.

இரண்டாவது நிகழ்வு அகாரிகஸ் தொடர்பானது. ஜப்பானிய நலத்துறை மூன்று அகாரிகஸ் தயாரிப்புகளை எலிகளில் சோதித்தபோது, வேறு வேதிப்பொருள்களால் தொடங்கிவைக்கப்பட்ட புற்றுநோயை அவற்றுள் ஒன்று மட்டும் ஊக்குவித்ததாகக் கண்டறியப்பட்டு, 2006 பிப்ரவரியில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. மற்ற இரண்டிலும் அவ்விளைவு காணப்படவில்லை. வளர்ப்பு ஊடகம், காளானின் எப்பகுதி எடுக்கப்பட்டது, உலர்த்தலும் பிரித்தெடுத்தலும் நடந்த முறை ஆகியவை ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறுபடுவதால், ஓர் இனத்தின்மீது செய்த ஆய்வைக் காட்டி அவ்வினத்தின் எல்லாத் தயாரிப்புகளுக்கும் சான்றளிப்பது அறிவியலாகாது.

வழக்கமான சோதனைகளின் எல்லையும் இங்கே புலப்படுகிறது. பாக்டீரியாக்களில் மரபணுப் பிறழ்வு தோன்றுகிறதா என்று பார்க்கும் ஏம்ஸ் சோதனை, மேற்கண்ட வகையான ஊக்குவிப்பைக் காட்டாது. 90 நாள்கள் எலிகளுக்கு ஊட்டிக் குருதியையும் உறுப்புகளையும் ஆராயும் சோதனை இன்றியமையாததே. ஆயினும் அதற்குப் பயன்படுபவை இளமையும் நலமும் உடைய எலிகள். இத்தயாரிப்புகளை நாடுவோரில் பலரோ புற்றுநோயாளிகளும் முதியோரும் பல மருந்துகளை ஒருங்கே உட்கொள்வோரும் ஆவர்.

உண்ணும் வடிவமும் பொருட்படுத்தத் தக்கது. அரைவேக்காட்டு ஷிடாகேயால் சிலருக்குச் சாட்டையடித் தழும்பு போன்ற தோல் தடிப்புகள் உண்டாகின்றன. நன்கு வேகவைத்தால் அவை பெரும்பாலும் தவிர்க்கப்படுகின்றன. ரெய்ஷியைக் கொதிக்கவைத்த நீராகப் பருகுவதும், முழுக்காளானையும் பொடித்து நாள்தோறும் விழுங்குவதும் ஒன்றல்ல. தூளை உட்கொண்டவருக்குக் கல்லீரல் செயலிழந்து இறப்பு நேர்ந்ததாகத் தாய்லாந்திலிருந்து 2007-இல் மருத்துவப் பதிவு வெளிவந்துள்ளது. தனியொரு பதிவால் காரணம் உறுதிப்படாது என்பது உண்மையே. எனினும் அவ்வையத்தைத் தீர்க்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையதே ஒழிய உண்பவருடையது அன்று.

எனவே ஒவ்வொரு தயாரிப்பும் விற்கப்படும் வடிவத்திலேயே சோதிக்கப்பட வேண்டும். காளான்கள் மண்ணிலிருந்து எளிதில் ஈர்த்துக்கொள்ளும் காட்மியம், பாதரசம் ஆகியவற்றின் அளவு தொகுதிதோறும் அளக்கப்பட வேண்டும். விற்பனைக்குப் பின்னரும் பாதிப்புகள் பதிவாக வேண்டும். இவை நடைமுறைக்கு வரும்வரை, சிறுநீரக, கல்லீரல் நோயாளிகள் மருத்துவரிடம் தெரிவிக்காமல் இத்தூள்களையும் சாரங்களையும் உட்கொள்ளலாகாது.